உங்களுக்குத் தெரியுமா? மயக்க வாயுவும் மலைப்பாதையும்

★ போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் எதிரே வரும் வண்டியின் ஹாரனைக் கேட்க வேண்டும், இடைவெளியைக் கண்ணால் அளக்க வேண்டும், கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் மூன்றையும் சேர்த்து இயக்க வேண்டும். சிரிப்பூட்டும் வாயு என்று பேர் வாங்கிய நைட்ரஸ் ஆக்சைடு தற்காலிகமாகக் குலைப்பது இந்தத் திறன்களைத்தான். பல் பிடுங்கவோ, சிறு கட்டி ஒன்றை எடுக்கவோ ஏலத்தோட்டத்திலிருந்து கீழே இறங்கி வருகிறவர்கள், சிகிச்சை முடிந்த கையோடு மேலே போக ஜீப் தேடுகிறார்கள். மயக்க வாயு உடம்பில் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதை மலையடிவாரத்து மக்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

★ இந்த வாயுவை 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இளைஞர் ஹம்ப்ரி டேவி 1799-ல் அதைத் தாமே முகர்ந்து பார்த்தார். வலி குறைகிறது, அறுவை சிகிச்சைக்கு உதவலாம் என்று 1800-ல் அச்சிலும் எழுதிவிட்டார். மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ள 44 ஆண்டுகள் ஆயின. அதுவரை கண்காட்சிக் கொட்டகைகளில் காசு கொடுத்து முகர்ந்து சிரிக்கும் பொருளாகவே அது கிடந்தது.

1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அப்படி ஒரு காட்சி நடந்தது. வாயு ஏறித் தள்ளாடிய ஒருவர் காலில் பலமாக அடிபட்டுக்கொண்டார். ரத்தம் வழிந்தும் அவருக்கு வலி தெரியவில்லை. பார்வையாளர்களில் இருந்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் மறுநாளே தன் பல்லை இந்த வாயுவின் துணையோடு பிடுங்கச் சொன்னார். வலி போனதையும் நடை தடுமாறியதையும் அந்தக் கொட்டகை ஒரே மனிதரிடம் காட்டியது. வலி போனதைத்தான் வெல்ஸின் கண் பார்த்தது. தடுமாற்றம் எவ்வளவு, எத்தனை நேரம் என்று அளந்து பார்க்க இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

★ அளந்ததில் தெரியவந்தது இது. மூக்குக் கவசம் வழியாக நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்து கொடுக்கும்போது நோயாளி தூங்கிவிடுவதில்லை. கூப்பிட்டால் பதில் சொல்வார், வாயைத் திறங்கள் என்றால் திறப்பார். ஆனால் விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துங்கள் என்றால் கை தாமதமாகவே வரும். சில சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கழித்துக் கேட்டால் பல சொற்கள் நழுவிப்போயிருக்கும். பிள்ளைகளின் பேர், சொந்த ஊர், சின்ன வயதுக் கதை எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். புதிதாக ஒன்று மனதில் பதிவதுதான் கெடுகிறது. நேரக் கணக்கும் பிசகும். எவ்வளவு நேரம் நாற்காலியில் இருந்தீர்கள் என்று கேட்டால் சரியாகச் சொல்ல வராது.

★ மூளையில் இந்த வாயு முக்கியமாகத் தடுப்பது என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியை. நினைவைப் பதியவைப்பதில் அந்த ஏற்பிக்குப் பெரும் பங்கு உண்டு. கெட்டமின் என்ற ஊசி மருந்து வேலை செய்வதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

★ நைட்ரஸ் ஆக்சைடின் மயக்கம் சீக்கிரம் தெளிந்துவிடும். காரணம், ரத்தத்தில் அந்த வாயு அதிகம் கரைவதில்லை. ரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே ஒரு மயக்க மருந்து எந்த விகிதத்தில் பிரிகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. நைட்ரஸ் ஆக்சைடுக்கு அது 0.47. ஹாலோத்தேனுக்கு சுமார் 2.4. பழைய ஈதருக்கோ 12. எண் சிறியதானால் ஏறுவதும் வேகம், இறங்குவதும் வேகம். ஈதர் கொடுத்து அறுவை செய்த காலத்தில் நோயாளி மணிக்கணக்கில் குமட்டிக்கொண்டும் தலை சுற்றியும் கிடந்ததற்கும், நெடுநேரம் மூச்சில் ஈதர் வாடை அடித்ததற்கும் இந்த 12 தான் காரணம். நைட்ரஸ் ஆக்சைடை மட்டும் முகர்ந்தவருக்கு, நிறுத்திய சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி தெளிந்துவிடுகிறது.

இங்கே ‘மட்டும்’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கூடவே மிடசோலாம் போன்ற தூக்க ஊசியோ, வலி ஊசியோ, முழு மயக்கமோ கொடுத்திருந்தால் கணக்கே வேறு. அப்போது 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரம் இயக்கக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் விதி. உடம்பில் எதெது ஏறியது என்பதைக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மிடம் அதிகம். கூச்சம் வேண்டாம்.

★ வாயுவை நிறுத்தியதும் 3 முதல் 5 நிமிடம் வரை வெறும் ஆக்சிஜன் கொடுப்பார்கள். ரத்தத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு மொத்தமாக நுரையீரலுக்குள் திரும்பிப் பாயும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனை அது நெருக்கித் தள்ளிவிடும். 1955-ல் ஃபிங்க் என்ற மருத்துவர் இதை விளக்கினார். அதனால் ‘முடிந்துவிட்டதே, கவசத்தை எடுங்கள்’ என்று அவசரப்படாதீர்கள்.

★ தெளிந்துவிட்டாரா என்று பார்க்கக் காகிதமும் பேனாவும் போதும். டிரீகர் சோதனை என்று ஒன்று. தாளில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். அவற்றைக் கோட்டால் இணைக்க வேண்டும். மயக்கத்துக்கு முன் ஒரு தாள், பின் ஒரு தாள். முன்னதில் கோடு புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போகும். பின்னதில் பேனா புள்ளியை விட்டு விலகி ஓடும், திருப்பத்தில் அகலமாக வளையும். தவறவிட்ட புள்ளிகளை எண்ணினால் கை இன்னும் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நோயாளியைக் கேட்டால் ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் நிலையைத் தானே எடைபோடும் திறனையும் மருந்து மந்தமாக்கியிருக்கிறது. ‘எனக்கு ஒன்றுமில்லை, நானே ஓட்டுகிறேன்’ என்று ஒருவர் சாவியைக் கேட்டால், அந்தச் சொல்லை நம்பிக் கொடுத்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

★ பெரிய மருத்துவமனைகளில் மயக்கம் தெளியும் அறையில் செவிலியர் போடும் மதிப்பெண்ணுக்கு ஆல்ட்ரெட் அளவுகோல் என்று பேர். 1970-ல் வந்தது. கைகால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, தோலின் நிறம் என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 2 வரை, மொத்தம் 10. பொதுவாக 9 வந்தால் அறையை விட்டு அனுப்பலாம். பிறந்த குழந்தைக்கு 10-க்கு மதிப்பெண் போடும் அப்கார் முறையே இதற்கு முன்மாதிரி. அதை உருவாக்கிய விர்ஜீனியா அப்காரும் மயக்க மருந்து நிபுணர்தான்.

அறையை விட்டு அனுப்ப 9 போதும். 17 வளைவுகள் ஏற அந்த 9 போதாது.

★ ‘பஞ்சை அரை மணி நேரம் கடித்துக்கொள்ளுங்கள், சூடாக எதுவும் வேண்டாம், மாத்திரை மூன்று வேளை.’ டாக்டர் சொல்லச் சொல்ல நோயாளி தலையாட்டுவார். வாசலுக்கு வந்ததும் ‘என்ன சொன்னார்?’ என்று கேட்பார். புதிய செய்தி பதியாத நிலையில் அவரிடம் சொன்னதில் பலன் இல்லை. கூட வந்தவரிடம் சொல்ல வேண்டும், தாளில் எழுதியும் தர வேண்டும். தனியாக வந்தவருக்கு மயக்கம் தரத் தயங்குகிற டாக்டர் சரியாகத்தான் செய்கிறார்.

★ பிரசவ வலிக்குத் தருவது பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன் கலந்த என்டோனாக்ஸ். 1961-ல் மைக்கேல் டன்ஸ்டால் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இரண்டையும் ஒரே சிலிண்டரில் அடைக்கும் வழியைச் சொன்னார். அதில் ஒரு நிபந்தனை உண்டு. கவசத்தைத் தாயே தன் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். கணவரோ, அம்மாவோ, நர்ஸோ பாசத்தில்கூடப் பிடித்துவிடக் கூடாது.

காரணம் அருமையானது. வாயு அளவுக்கு மேல் ஏறினால் முதலில் கை தளரும். கை தளர்ந்தால் கவசம் முகத்திலிருந்து விழும். விழுந்ததும் தாய் வெறும் காற்றைச் சுவாசிப்பார், சில மூச்சுகளில் தெளிந்துவிடுவார். மருந்து உண்டாக்கும் தளர்ச்சியையே பாதுகாப்பாக மாற்றிய ஏற்பாடு இது. இன்னொருவர் கை குறுக்கே வந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. வலி தொடங்கும்போதே இழுக்க ஆரம்பிக்க வேண்டும் என்பதும் முக்கியம். முழு பலன் வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வலி உச்சத்துக்குப் போனபின் இழுத்தால் வலி அடங்கும்போதுதான் மருந்து வரும்.

★ மேலே போகப்போக இந்த வாயுவின் வலு குறைகிறது. போடிமெட்டு ஏறக்குறைய 4,500 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 சதவீதம். மூளையில் வேலை செய்வது கலவையின் சதவீதம் அல்ல, வாயுவின் அழுத்தம். ஆகவே 50 சதவீதக் கலவையை மேட்டில் கொடுத்தால் கடலோரத்தில் 42, 43 சதவீதம் கொடுத்த பலன்தான் கிடைக்கும். ராமநாதபுரத்தில் போதுமான அளவு மூணாறில் போதாமல் போகலாம். ஆழ்கடலில் இதற்கு நேர்மாறு. சுமார் 30 மீட்டருக்குக் கீழே அழுத்தம் கூடக்கூட, நாம் தினமும் சுவாசிக்கும் சாதாரண நைட்ரஜனே மூழ்குபவரைப் போதையில் தள்ள ஆரம்பிக்கிறது.

★ விழித்திரை அறுவையில் சில சமயம் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்துத் தைப்பார்கள். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை இரண்டு ஆபத்துகள். ஒன்று, வேறு சிகிச்சைக்காக நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அது குமிழுக்குள் புகுந்து அதை ஊதிவிடும். இரண்டு, மலை ஏறினாலும் குமிழ் விரியும். இரண்டிலும் கண்ணழுத்தம் எகிறிப் பார்வையே போய்விடக்கூடும். விமானத்தில் போகாதே என்ற எச்சரிக்கை எல்லோருக்கும் தெரிகிறது. மதுரையில் கண் அறுவை முடித்துக்கொண்டு பூப்பாறைக்கோ சாந்தம்பாறைக்கோ வீடு திரும்புகிறவர், தன் வீடு மலைமேல் இருக்கிறது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

★ நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. வீட்டு கேஸ் சிலிண்டரைப் போலவே, உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தமானியின் முள் அசையாது. தீரும் நேரத்தில் சட்டென்று விழும். மிச்சம் எவ்வளவு என்று பார்க்க எடை போடுவது ஒன்றே வழி.

★ சிலிண்டரின் நிறம் நீலம். ஆக்சிஜனுக்குக் கறுப்பு உடல், வெள்ளைத் தோள். மாறிப்போகாமல் இருக்க இன்னொரு காப்பும் உண்டு: சிலிண்டர் பொருந்தும் இடத்தில் ஒவ்வொரு வாயுவுக்கும் வெவ்வேறு இடங்களில் ஊசிகள். ஒன்றின் சிலிண்டர் மற்றொன்றின் இடத்தில் உட்காராது.

இவ்வளவு இருந்தும் தவறு நடந்திருக்கிறது. 2011-ல் நாகர்கோவில் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு போய்விட்டது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குடும்பத்துக்கு 28 லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. ஆக்சிஜனோடு கலந்திருக்கும்வரை இது மருந்து. ஆக்சிஜன் இல்லாமல் தனியே போனால் சில நிமிடங்களில் மூளை மூச்சுத்திணறிச் சேதமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் மயக்கவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த வழக்கைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

★ சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: இந்த வாயு பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த வைட்டமினின் நடுவே இருக்கும் கோபால்ட்டை அது மாற்றிவிடுவதால் பி12 நரம்புகளுக்குப் பயன்படாமல் போகிறது. ஆரோக்கியமானவர் பல் நாற்காலியில் அரை மணி நேரம் முகர்வதால் ஒன்றும் ஆகாது. சைவ உணவாலோ வேறு காரணத்தாலோ ஏற்கெனவே பி12 குறைவாக இருப்பவருக்கும், திரும்பத் திரும்ப முகர்கிறவருக்கும் தண்டுவடம் பாதிக்கப்படலாம். பாதம் மரத்துப்போகும். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற உணர்வு போய், இருட்டில் நடக்கும்போது தடுமாறுவார்கள். வெளிநாடுகளில் கிரீம் அடிக்கும் குப்பிகளை உடைத்துப் போதைக்கு முகர்ந்த இளைஞர்கள் பலர் இப்படித்தான் சக்கர நாற்காலிக்குப் போனார்கள். பிரிட்டன் 2023 நவம்பரில் அதைத் தடைசெய்த போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது.

★ நோயாளி இந்த வாயுவை முகர்வது ஒரு நாள். அறுவை அரங்கில் நிற்பவர்களுக்கு? கசிந்து காற்றில் கலக்கும் துளி வாயுகூட டாக்டரின் கையையும் கவனத்தையும் மந்தமாக்குகிறது என்று 1970-களில் அமெரிக்காவில் ஒரு சோதனை சொன்னது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் 10 லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 1977-ல் அங்கே பரிந்துரைத்த வரம்பு இன்றும் நிற்கிறது. நீண்டகாலக் கசிவு கருவுறும் வாய்ப்பைப் பாதிக்குமோ என்ற கவலையும் இருப்பதால், வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அவசியம். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைக்கும் சிறு கிளினிக்குகள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

★ ஏலத்தோட்ட ஊரின் பெருமைக்கு ஒரு செய்தி. அறுவைக்குப் பின் வரும் குமட்டலுக்கு வாசனை எண்ணெய் உதவுமா என்று 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. இஞ்சி எண்ணெயும், இஞ்சியோடு இரண்டு வகைப் புதினாவும் ஏலக்காயும் சேர்ந்த கலவையும், உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை முகர்ந்ததைவிட நல்ல பலன் தந்தன. இஞ்சி மட்டும் முகர்ந்தவர்களுக்கும் பலன் கிடைத்திருப்பதால் இதில் ஏலக்காயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மயக்கம் முழுதும் தெளியாதவர் வாயில் ஏலக்காயைப் போட்டு மெல்லச் சொல்லாதீர்கள். விழுங்கும் திறன் திரும்பியிருக்காது. கைக்குட்டையில் வைத்து முகரக் கொடுங்கள்.

★ முகம் தெரியாத இன்னொரு வாயு ஏலத்தோட்டத்திலேயே இருக்கிறது. காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு எரிகிறது. புகைக்குழாய் சரியாக இருந்தால் சூடு மட்டும் உள்ளே வரும், புகை வெளியே போகும். குழாயில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியும். அது மயக்க மருந்து வகை அல்ல. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அறிகுறி ஏமாற்றும்: தலைவலி, சோர்வு, தூக்கம். ஏதோ தவறு என்று தோன்றி எழப் பார்க்கும்போது கால் எழாது. குளிருக்குக் கரியடுப்பை மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் மலை ஊர்களில் செத்துப்போவது இப்படித்தான். இதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரவில் ஸ்டோரில் படுப்பவர் காற்று வரும் பக்கம், ஜன்னல் திறந்த அறையில் படுக்க வேண்டும்.

★ மயக்கவியலில் இந்தியாவுக்குப் பழைய இடம் உண்டு. 1880-களின் இறுதியில் நிஜாமின் பணத்தில் ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன் நடந்தது. எட்வர்ட் லாரி தலைமையில் மூச்சு முதலில் நிற்கிறதா, இதயம் முதலில் நிற்கிறதா என்று ஆராய்ந்தார்கள். மூச்சைக் கவனித்தால் போதும் என்ற அவர்கள் முடிவு பின்னால் திருத்தப்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே குளோரோஃபார்ம் கொடுக்கப் பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர்களில் ஒருவர்.

★ மருத்துவமனைக்கே போகாதவரும் நைட்ரஸ் ஆக்சைடு உண்டாக்குகிறார். யூரியா போட்ட மண் மழையில் ஊறும்போது நுண்ணுயிரிகள் அந்த நைட்ரஜனில் ஒரு பங்கை இதே வாயுவாக மாற்றிவிடுகின்றன. இலைமக்கு நிறைந்து, நிழலில் எப்போதும் ஈரம் காக்கும் ஏலத்தோட்ட மண் அதற்கு ஏற்ற இடம். யாரையும் மயக்கும் அளவுக்கு அது இருக்காது. ஆனால் வானத்தில் நூறாண்டுக்கு மேல் தங்கி, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. பருவமழை பிசகினால் முதலில் அடிவாங்கும் பயிர்களில் ஏலமும் ஒன்று. அளவறிந்து உரம் போடுவதில் செலவும் மிச்சம், மழையும் மிச்சம்.

★ கடைசியாக, மருந்து தெளிக்கிறவர்களுக்கு. ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை உண்டு. குயினால்பாஸ் அதில் ஒன்று. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் சேர்ந்தால் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைக் குறைத்துவிடும். முழு மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தி மூச்சுக்குழாயில் குழாய் இறக்க ஸ்கோலின் என்ற ஊசி போடுவார்கள். அதைச் சிதைப்பதும் அந்த நொதிதான். சாதாரணமாக 5 முதல் 10 நிமிடத்தில் தெளியும் தசைத் தளர்ச்சி, நொதி குறைந்தவருக்கு மணிக்கணக்கில் நீளலாம். நினைவு திரும்பும், கை அசையாது, தானாக மூச்சும் வராது. அதுவரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் மயக்க டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். அறுவைக்கு முன் அவர் ‘சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, ஆஸ்துமா இருக்கா’ என்று கேட்பார். மருந்து அடிக்கிற வேலையா என்று கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம். நீங்களே சொல்லிவிடுங்கள்: என்ன மருந்து, கடைசியாக எப்போது அடித்தேன், கையுறையும் முகமூடியும் போட்டிருந்தேனா. பேர் நினைவில்லை என்றால் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.